3.4 என்றால் திருப்தியா? கற்றல் போர்ட்டல் சர்வேயை அலசத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கற்றல் போர்ட்டல் பற்றி மாணவர்களிடம் சர்வே எடுத்தாயிற்று. பதில்கள் ஒரு எக்செல் கோப்பில் வந்து உட்கார்ந்திருக்கின்றன. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்கள் இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் ஒரே காரியத்தைத்தான் செய்கிறார்கள். ஒவ்வொரு கேள்விக்கும் சராசரி எடுத்து, ஒரு பட்டை வரைபடம் போட்டு, “ஒட்டுமொத்தத் திருப்தி 5-க்கு 3.4” என்று எழுதி முடித்துவிடுகிறார்கள். அந்த 3.4 நல்லதா கெட்டதா, அது யாருடைய 3.4, எதைச் சரிசெய்தால் அது ஏறும் என்று யாராவது கேட்டால் கையில் பதில் இருக்காது.

புள்ளியியல் சோதனைகளை நினைத்துத்தான் பலரும் பயப்படுகிறார்கள். அவற்றை மென்பொருள் ஒரு நொடியில் செய்துவிடும். யார் பதில் சொன்னார்கள், யார் சொல்லவில்லை, கேள்வி உண்மையில் எதை அளந்தது என்பவைதான் மென்பொருளுக்குத் தெரியாதவை. தவறுகளும் அங்கேதான் நடக்கின்றன. அதனால் இந்தக் கட்டுரையில் அந்தப் பக்கத்துக்கு அதிக இடம் கொடுத்திருக்கிறேன். கீழே வரும் எண்கள் எல்லாம் விளக்கத்துக்காக அமைத்தவை: 1200 மாணவர்கள் பயன்படுத்தும் ஒரு போர்ட்டல், அதில் 300 பேர் சர்வேக்குப் பதில் கொடுத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம்.

படி 1: எந்த முடிவுக்காக இந்த ஆய்வு?

“மாணவர்கள் திருப்தியாக இருக்கிறார்களா?” என்பது ஆய்வுக் கேள்வி ஆகாது. ஆம், இல்லை இரண்டில் எந்தப் பதில் வந்தாலும் அடுத்து என்ன செய்வது என்று அதிலிருந்து தெரியாது. “மொபைலில் பயன்படுத்துபவர்களின் அனுபவம் மோசமாக இருந்தால் மொபைல் வடிவத்தை மாற்றப் போகிறோம், அது உண்மையா?” என்பது கேள்வி. “வீடியோ, தேர்வுப் பகுதி, விவாதப் பகுதி மூன்றில் எதை முதலில் சரிசெய்வது?” என்பதும் நல்ல கேள்விதான். இப்படி இரண்டு மூன்று கேள்விகளைத் தரவைத் திறப்பதற்கு முன்பே ஒரு தாளில் எழுதித் தேதி போட்டு வைத்துவிடுங்கள். அது ஏன் என்பது படி 7-இல் புரியும்.

படி 2: வினாத்தாள்

சர்வே ஏற்கெனவே முடிந்துவிட்டது என்றாலும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். எந்தக் கேள்வியின் பதிலை நம்பலாம், எதை ஒதுக்க வேண்டும் என்பதற்கும் இதே அளவுகோல்தான்.

“போர்ட்டல் வேகமாகவும் எளிதாகவும் இருக்கிறது” என்று ஒரு வாக்கியம். வேகம் இருக்கிறது, எளிமை இல்லை என்று நினைக்கும் மாணவர் எதை அழுத்துவார்? தெரியாது. அதனால் அந்தப் பதிலுக்கு அர்த்தமும் இல்லை. ஒரு வாக்கியத்தில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும். “சிறப்பான வீடியோ வசதி உங்களுக்கு எவ்வளவு உதவியது?” என்று கேட்டால் பதிலையும் நாமே ஊட்டிவிட்டதாக ஆகிவிடும். விவாதப் பகுதிக்குள் ஒருமுறைகூடப் போகாத மாணவருக்கு “பயன்படுத்தவில்லை” என்ற தேர்வு வேண்டும். இல்லாவிட்டால் அவர் நடுவில் உள்ள 3-ஐ அழுத்துவார், நாமும் அதை ஒரு கருத்து என்று எண்ணிக்கொள்வோம். கட்டாயக் கேள்வி என்று நட்சத்திரம் போட்ட இடங்களில் வரும் 3-களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது.

“மிகவும் ஒப்புக்கொள்கிறேன்” முதல் “சற்றும் ஒப்புக்கொள்ளவில்லை” வரையிலான ஐந்து படி அளவுகோலை 1932-இல் முன்வைத்தவர் ரென்சிஸ் லிக்கர்ட். ஒரே விஷயத்தைத் தொடும் பல வாக்கியங்களுக்கான பதில்களைக் கூட்டி ஒரு மதிப்பெண் ஆக்குவதுதான் அவருடைய முறை. இன்று அதை மறந்துவிட்டுத் தனித்தனிக் கேள்விகளையே “லிக்கர்ட் அளவுகோல்” என்கிறோம். வீடியோவின் தரம், தேடும் வசதி, தேர்வுப் பகுதி, உதவி கிடைக்கும் வேகம் என்று பிரித்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று நான்கு வாக்கியங்கள் வைத்தால் பின்னால் அலசுவது சுலபம்.

கேள்விகளை நீங்களே எழுதித்தான் ஆக வேண்டும் என்றில்லை. பயன்பாட்டு எளிமையை அளக்க ஜான் புரூக் 1986-இல் உருவாக்கிய எஸ்யூஎஸ் (System Usability Scale) என்ற பத்து வாக்கிய வினாத்தாள் உலகம் முழுக்கப் புழங்குகிறது. ஒற்றைப்படை வாக்கியங்களில் பதிலிலிருந்து 1-ஐக் கழிக்க வேண்டும். இரட்டைப்படை வாக்கியங்களில் 5-இலிருந்து பதிலைக் கழிக்க வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி 2.5-ஆல் பெருக்கினால் 0 முதல் 100 வரை ஒரு மதிப்பெண் வரும். அது சதவீதம் அல்ல. பல நூறு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் அதன் சராசரி சுமார் 68 என்று கண்டிருக்கிறார்கள். ஆக, 70 வாங்கிய போர்ட்டல் “70 சதவீதம் நல்லது” இல்லை, நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். இப்படி ஒப்பிட வெளியே ஒரு எண் இருப்பதுதான் ஏற்கெனவே பழகிய வினாத்தாளின் பெரிய லாபம்.

இன்னொன்று: மதிப்பெண் போடும் ஆசிரியரே பெயர் கேட்டு நடத்தும் சர்வேயில் மாணவர்கள் தேனாகத்தான் எழுதுவார்கள். அந்தத் தேனை எந்தச் சோதனையும் பிரித்தெடுக்காது.

படி 3: எத்தனை பேர் என்பதைவிட, எந்தப் பேர்?

மாதிரி அளவுக்கு ஒரு சூத்திரம் உண்டு. 95 சதவீத நம்பிக்கையில் 5 சதவீதப் புள்ளிகள் பிழைக்குள் ஒரு விகிதத்தை அளக்க, மிகப் பெரிய கூட்டத்திலிருந்து சுமார் 384 பேர் வேண்டும். கூட்டம் 1200 பேர் மட்டும் என்றால் அந்தத் தேவை சுமார் 291-ஆகக் குறைகிறது. நம்மிடம் 300 இருக்கிறது. சரி, போதும் என்று பலர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள்.

ஆனால் அந்தச் சூத்திரம் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்த மாதிரிக்கு எழுதப்பட்டது. நம் சர்வேயில் இணைப்பை எல்லாருக்கும் அனுப்பினோம், விருப்பப்பட்டவர்கள் பதில் போட்டார்கள். இரண்டும் ஒன்றல்ல. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகை சுமார் ஒரு கோடி பேருக்கு வாக்குச்சீட்டு மாதிரி அட்டைகளை அனுப்பி, 20 லட்சத்துக்கும் மேல் பதில்கள் பெற்று, லாண்டன் ஜெயிப்பார் என்று சொன்னது. ரூஸ்வெல்ட் பெரும் வெற்றி பெற்றார். அட்டை போன முகவரிப் பட்டியலும் ஒருபக்கம் சாய்ந்திருந்தது, திருப்பி அனுப்பியவர்களும் ஒருபக்கம் சாய்ந்திருந்தார்கள். 20 லட்சம் பதில்கள் காப்பாற்றாத இடத்தில் 300 காப்பாற்றுமா?

போர்ட்டல் சர்வேயில் இந்தச் சாய்வு எந்தத் திசையில் இருக்கும் என்று ஊகிக்கலாம். இணைப்பு போர்ட்டலுக்குள்ளேயே இருந்தால், வெறுத்துப்போய் உள்ளே வருவதையே நிறுத்திவிட்டவருக்கு அது கண்ணில் படாது. திருப்தியில்லாதவர்கள்தான் முதலில் காணாமல் போகிறவர்கள்.

நல்லவேளையாக நம்மிடம் ஒரு வசதி இருக்கிறது. பத்திரிகைக்காரர்களுக்கு இல்லாதது: லாக்-இன் பதிவுகள். 1200 பேரில் வாரம் ஒருமுறையாவது வருபவர்கள் 700, அபூர்வமாக வருபவர்கள் 500 என்று பதிவு சொல்கிறது. பதில் தந்த 300 பேரில் முதல் வகை 240, இரண்டாம் வகை 60 மட்டும். முதல் வகையில் 75 சதவீதம் பேர், அதாவது 180 பேர் திருப்தி என்கிறார்கள். இரண்டாம் வகையில் 40 சதவீதம், 24 பேர். அப்படியே கூட்டினால் 300-க்கு 204, அதாவது 68 சதவீதம். ஆனால் இரு வகையையும் அவற்றின் உண்மையான எண்ணிக்கைக்கு ஏற்ற எடை போட்டுப் பாருங்கள்: 700-இல் 75 சதவீதம் 525, 500-இல் 40 சதவீதம் 200, மொத்தம் 1200-க்கு 725. அது சுமார் 60 சதவீதம்தான். எட்டுப் புள்ளிகள் இறங்கிவிட்டன. இதில் எந்தச் சோதனையும் நடக்கவில்லை, நாலாம் வகுப்புக் கணக்குதான்.

எடை போடுவதும் முழுத் தீர்வு அல்ல. அபூர்வமாக வருபவர்களிலும் பதில் சொன்ன 60 பேர், சொல்லாத 440 பேரைப் போலத்தான் இருப்பார்கள் என்று நாம் நம்ப வேண்டியிருக்கிறது. முடிந்தால் அந்த 440-இலிருந்து குலுக்கி ஒரு 30 பேரைத் தேர்ந்தெடுத்து, தொலைபேசியில் இரண்டே கேள்விகள் கேளுங்கள். மேலும் 300 தானாக வரும் பதில்களைவிட இந்த முப்பது மதிப்பு வாய்ந்தது என்பது என் கருத்து.

லாக்-இன் பதிவையும் சர்வேயையும் மாணவர் வாரியாக இணைப்பதாக இருந்தால் அதைச் சர்வேயின் முதல் பக்கத்திலேயே சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். பெயரில்லாத சர்வே என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் வழியாக அடையாளம் காண்பது மோசடி.

படி 4: தரவைச் சுத்தம் செய்வது

முதல் வேலை: மூலக் கோப்பை ஒரு நகல் எடுத்து, அசலைத் தொடாமல் பூட்டி வையுங்கள். பிறகு நகலில் வேலை செய்யுங்கள்.

ஒவ்வொரு கேள்விக்கும் மிகச் சிறிய எண், மிகப் பெரிய எண் இரண்டையும் பாருங்கள். ஐந்து படி அளவுகோலில் 99 என்று ஒரு எண் தெரிந்தால் “பயன்படுத்தவில்லை” என்பதற்குக் கொடுத்த குறியீடு கணக்குக்குள் புகுந்துவிட்டது என்று அர்த்தம். அதை வெற்றிடமாக மாற்ற வேண்டும், பூஜ்யமாக அல்ல. ஒரே மாணவர் இரண்டு முறை அனுப்பியிருந்தால் எதை வைப்பது என்று ஒரு விதி வைத்து (உதாரணமாக, கடைசியாக வந்தது) எல்லாருக்கும் அதையே பின்பற்றுங்கள். 25 கேள்விகளுக்கும் 4, 4, 4 என்று நேர்க்கோட்டில் அழுத்தியவர்களையும், அரை நிமிடத்தில் முடித்தவர்களையும் தனியாகக் குறித்து வையுங்கள். உடனே நீக்க வேண்டாம். அவர்களோடும் அவர்கள் இல்லாமலும் கணக்குப் போட்டுப் பார்த்து, முடிவு மாறுகிறதா என்று அறிக்கையில் ஒரு வரி சொன்னால் போதும்.

எதிர்மறை வாக்கியங்களைத் திருப்பிப் போட மறக்காதீர்கள். “பாடக் கோப்புகளைத் தேடிக் களைத்துவிடுகிறேன்” என்பதற்கு 5 என்றால் அது அதிருப்தி. ஐந்து படி அளவுகோலில் 6-இலிருந்து பதிலைக் கழித்தால் திரும்பிவிடும். 

மென்பொருள் எது என்ற கேள்வி எப்போதும் வரும். சுத்தம் செய்யவும் பரவல் பார்க்கவும் எக்செல் அல்லது லிப்ரேஆபிஸ் கால்க் போதும். சோதனைகளுக்கு ஜாஸ்ப், ஜமோவி இரண்டும் இலவசம், சுட்டியை அழுத்தியே வேலை முடியும், தொடங்குபவருக்கு நான் சொல்வது இவற்றில் ஒன்றை. எஸ்பிஎஸ்எஸ் இருக்கும் இடத்தில் அதையே பயன்படுத்தலாம். ஒவ்வொரு பருவமும் இதே ஆய்வைச் செய்யப் போகிறீர்கள் என்றால் மட்டும் ஆர் அல்லது பைதான் கற்பது லாபம்.

படி 5: சராசரிக்கு முன் பரவல்

இரண்டு கேள்விகள், இரண்டுக்கும் 100 பதில்கள். வீடியோ பற்றிய கேள்விக்கு 1 முதல் 5 வரை முறையே 2, 10, 42, 38, 8 பேர். தேர்வுப் பகுதி பற்றிய கேள்விக்கு 20, 12, 8, 28, 32 பேர். கணக்குப் போட்டுப் பாருங்கள், இரண்டின் சராசரியும் 3.4.

வீடியோ விஷயத்தில் மாணவர்கள் ஏறக்குறைய ஒரே மனதோடு “பரவாயில்லை” என்கிறார்கள். தேர்வுப் பகுதியில் கூட்டம் இரண்டாகப் பிளந்திருக்கிறது: 60 பேருக்குப் பிடித்திருக்கிறது, 32 பேர் கடுப்பில் இருக்கிறார்கள். அந்த 32 பேருக்கு ஏதோ ஒன்று வேலை செய்யவில்லை. குறிப்பிட்ட பிரவுசரா, மெதுவான இணைப்பா, தேர்வு நடுவில் திரை உறைந்ததா என்று தேடிப் போக வேண்டிய இடம் அது. பதில்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்று சொல்லும் திட்டவிலக்கத்தைப் பார்த்தால் முதலாவதற்கு 0.85, இரண்டாவதற்கு 1.53. இடைநிலை (பதில்களை வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) முறையே 3, 4. சராசரி மட்டும் எழுதிய அறிக்கையில் இவை இரண்டும் ஒரே கேள்வி போலத் தெரிந்திருக்கும்.

அதனால் ஒவ்வொரு கேள்விக்கும் முதலில் ஐந்து பதில்களின் சதவீதத்தை எழுதுங்கள். பிறகு 4, 5 சேர்த்து “திருப்தி”, 1, 2 சேர்த்து “அதிருப்தி” என்று இரண்டு எண்கள். நடுவில் உள்ளவர்களைத் திருப்தியாளர்களோடு சேர்த்துக்கொள்ளும் வழக்கம் சில அறிக்கைகளில் உண்டு; தயவுசெய்து வேண்டாம்.

சதவீதத்தோடு நம்பிக்கை இடைவெளியும், அதாவது உண்மையான சதவீதம் எந்த எல்லைகளுக்குள் இருக்கலாம் என்பதையும் போடுங்கள். 100 பேரில் 60 பேர் திருப்தி என்றால், 95 சதவீத இடைவெளி சுமார் 50-இலிருந்து 70 வரை நீள்கிறது. போன பருவம் 55, இந்தப் பருவம் 60, முன்னேற்றம் என்று கொண்டாடுவதற்கு முன் இந்த இடைவெளியைப் பார்த்தால் உற்சாகம் கொஞ்சம் அடங்கும்.

படி 6: கேள்விகளைச் சேர்த்து ஒரு மதிப்பெண்

வீடியோ பற்றிய நான்கு வாக்கியங்களின் பதில்களைச் சராசரி எடுத்து “வீடியோ மதிப்பெண்” ஆக்கலாமா? அவை ஒன்றோடொன்று சேர்ந்து ஏறி இறங்கினால் ஆக்கலாம். இதைப் பார்க்க லீ குரோன்பாக் 1951-இல் பிரபலமாக்கிய ஆல்ஃபா என்ற அளவு பயன்படுகிறது. 0.7-க்கு மேல் இருந்தால் ஏற்கலாம் என்பது வழக்கம். 0.95-ஐத் தாண்டினால் மகிழ வேண்டாம். ஒரே கேள்வியை வார்த்தை மாற்றி நாலு முறை கேட்டிருக்கிறீர்கள் என்று பொருள்.

ஆல்ஃபாவிடம் ஒரு குணம் உண்டு. கேள்விகளின் எண்ணிக்கையைக் கூட்டினாலே அது ஏறிவிடும். கேள்விகளுக்கு இடையிலான சராசரி ஒட்டுறவு (இரண்டு பதில்கள் எவ்வளவு சேர்ந்து ஏறி இறங்குகின்றன என்பதன் அளவு, 1 என்றால் முழுக்கச் சேர்ந்து) வெறும் 0.3 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து கேள்விகளுக்கு ஆல்ஃபா 0.68, இருபது கேள்விகளுக்கு அதே 0.3 ஒட்டுறவில் 0.90. ஆகவே “எங்கள் 25 கேள்விகளின் ஆல்ஃபா 0.91” என்று பெருமையாக எழுதியிருந்தால் அதனால் எதுவும் நிரூபணமாகவில்லை. பகுதி பகுதியாகக் கணக்கிட வேண்டும். ஆல்ஃபா திடீரென்று மைனஸில் வந்தால், பெரும்பாலும் எதிர்மறை வாக்கியத்தைத் திருப்பிப் போட மறந்திருப்பீர்கள்.

எந்தக் கேள்விகள் எந்தப் பகுதியில் சேரும் என்றே தெரியாவிட்டால் காரணிப் பகுப்பாய்வு என்ற முறை இருக்கிறது. முதல் ஆய்விலேயே அதற்குள் இறங்க வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை.

தனிக் கேள்விக்குச் சராசரி எடுக்கலாமா கூடாதா என்று புள்ளியியல் உலகில் நீண்ட சண்டை ஒன்று ஓடிக்கொண்டிருக்கிறது. 1-க்கும் 2-க்கும் உள்ள தூரமும் 4-க்கும் 5-க்கும் உள்ள தூரமும் சமம் என்று யார் சொன்னது என்பது ஒரு தரப்பின் வாதம். நடைமுறையில் நான் பரிந்துரைப்பது: தனிக் கேள்விக்குச் சதவீதமும் இடைநிலையும், பல கேள்விகளைக் கூட்டிய மதிப்பெண்ணுக்குச் சராசரி.

படி 7: குழுக்களை ஒப்பிடுவது

பலரும் நேராகக் குதிக்கும் படி இது. எதற்கு எந்தச் சோதனை என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு குழுக்களின் கூட்டு மதிப்பெண்ணை ஒப்பிட வெல்ச் டி சோதனை. தனிக் கேள்வி என்றால் மான்–விட்னி. மூன்று அல்லது அதற்கு மேல் குழுக்கள் என்றால் முறையே அனோவா, கிரஸ்கல்–வாலிஸ். திருப்தி உண்டு, இல்லை என்று எண்ணிக்கையாக இருந்தால் கை வர்க்கச் (chi-square) சோதனை. அதற்கு அட்டவணையின் பெரும்பாலான கட்டங்களில் எதிர்பார்ப்பு எண்ணிக்கை 5-க்குக் குறையாமல் இருக்க வேண்டும்.

நம் உதாரணத்துக்கு வருவோம். 300 பேரில் மொபைல் பயன்படுத்துவோர் 180, கணினி 120. கூட்டு மதிப்பெண் மொபைலில் 3.2, கணினியில் 3.6, திட்டவிலக்கம் இரண்டிலும் சுமார் 0.9. டி சோதனையில் பி மதிப்பு 0.001-க்கும் கீழே. “குறிப்பிடத்தக்க வேறுபாடு” என்று எழுதிவிடலாமா? எழுதலாம், ஆனால் பி மதிப்பு வேறுபாடு எவ்வளவு பெரிது என்று சொல்வதில்லை. உண்மையில் வேறுபாடே இல்லாதிருந்தால் இவ்வளவு பெரிய இடைவெளி தற்செயலாக வருவது எவ்வளவு அபூர்வம் என்று மட்டும்தான் சொல்கிறது. வேறுபாடு பெரிதா என்று பார்க்க, அதைத் திட்டவிலக்கத்தால் வகுங்கள்: 0.4-ஐ 0.9-ஆல் வகுத்தால் 0.44. இதற்கு விளைவின் அளவு என்று பெயர். புள்ளியியலாளர் ஜேக்கப் கோஹன் சொன்ன அளவுகோல்படி 0.2 சிறியது, 0.5 நடுத்தரம், 0.8 பெரியது. ஆக இது நடுத்தரத்துக்குச் சற்றுக் கீழே.

இதற்கு நேர்மாறாக, குழுவுக்கு 5000 பேர் இருக்கும் பெரிய போர்ட்டலில் வேறுபாடு வெறும் 0.05 இருந்தாலும் பி மதிப்பு சுமார் 0.005 என்று வந்துவிடும். விளைவின் அளவோ 0.06. அதை நம்பி மொபைல் செயலியைத் திருத்தி எழுதினால் பணம்தான் வீண்.

இப்போது எண்ணிக்கையைப் பார்ப்போம். மொபைல்காரர்களில் 180-க்கு 111 பேர் திருப்தி, 62 சதவீதம். கணினியில் 120-க்கு 93, 78 சதவீதம். கை வர்க்கச் சோதனையின் பி மதிப்பு சுமார் 0.004. எல்லாச் சோதனையும் ஒரே பக்கம் பேசுகின்றன. மொபைல் வடிவம்தான் குற்றவாளி என்று எழுதக் கை துறுதுறுக்கும்.

ஒரு நிமிடம். முதலாம் ஆண்டு மாணவர்களையும் மற்றவர்களையும் பிரித்துப் பாருங்கள். முதலாம் ஆண்டில் மொபைல் 120 பேர், அதில் 59 பேர் திருப்தி. கணினி 30 பேர், 15 பேர் திருப்தி. இரண்டும் ஏறக்குறைய 50 சதவீதம். மூத்த மாணவர்களில் மொபைல் 60-க்கு 52, கணினி 90-க்கு 78. இரண்டும் 87 சதவீதம். வேறுபாடு எங்கே போயிற்று? மொபைலுக்கும் அதிருப்திக்கும் சம்பந்தமே இல்லை. முதலாம் ஆண்டு மாணவர்கள் அதிகம் மொபைல் பயன்படுத்துகிறார்கள், அவர்களுக்குத்தான் போர்ட்டல் பிடிபடவில்லை. செய்ய வேண்டியது மொபைல் வடிவத்தை மாற்றுவது அல்ல, புதியவர்களுக்கான அறிமுகப் பயிற்சி. சோதனையில் தவறில்லை, கணக்கிலும் தவறில்லை. முடிவு மட்டும் முழுக்கத் தவறாகப் போயிருக்கும். எந்த ஒப்பீட்டையும் அறிக்கையில் சேர்ப்பதற்கு முன், ஆண்டு, பாடப்பிரிவு, பயன்பாட்டின் அளவு என்று குறைந்தது இரண்டு மூன்று விதமாகப் பிரித்துப் பார்த்துவிடுங்கள்.

பிரித்துக்கொண்டே போவதிலும் ஆபத்து இருக்கிறது. 20 கேள்விகளை 0.05 எல்லையில் சோதித்தால், உண்மையில் எதிலும் வேறுபாடு இல்லாவிட்டாலும், குறைந்தது ஒன்றாவது “குறிப்பிடத்தக்கது” என்று தலைகாட்டும் வாய்ப்பு, சோதனைகள் ஒன்றையொன்று சாராதவை என்றால், 64 சதவீதம். படி 1-இல் கேள்விகளைத் தேதி போட்டு எழுதச் சொன்னது இதற்காகத்தான். முன்பே எழுதியவை ஆய்வின் முடிவுகள். தோண்டும்போது கிடைத்தவை அடுத்த சர்வேயில் சோதிக்க வேண்டிய ஊகங்கள். எல்லாவற்றையும் சோதித்தே ஆக வேண்டும் என்றால் ஹோம் திருத்தம் போடுங்கள், சோதனைகளின் எண்ணிக்கைக்கு ஏற்ப எல்லையைக் கடுமையாக்கும் முறை அது.

வகுப்பு வாரியாகச் சர்வே எடுத்திருந்தால் இன்னொரு சிக்கல். ஒரே ஆசிரியரிடம் ஒரே பாடம் படிக்கும் 30 பேரின் பதில்கள் ஒன்றையொன்று ஒத்திருக்கும். அந்த ஒற்றுமை (ஒரே வகுப்புக்குள்ளான ஒட்டுறவு) 0.05 என்ற சிறிய அளவில் இருந்தால்கூட, 300 பதில்கள் சுமார் 122 தனிப் பதில்களின் மதிப்புக்குத்தான் சமம். பி மதிப்பு எல்லாம் இருக்க வேண்டியதைவிட அழகாகத் தெரியும். இதற்குப் பல்நிலை மாதிரிகள் என்ற முறை உண்டு. அது கைவராத வரை, ஒவ்வொரு வகுப்புக்கும் ஒரு சராசரி எடுத்து வகுப்புகளை ஒப்பிடுவது எளிய மாற்று.

படி 8: எது திருப்தியை இழுக்கிறது?

ஒவ்வொரு பகுதியின் மதிப்பெண்ணுக்கும் ஒட்டுமொத்தத் திருப்திக்கும் ஸ்பியர்மன் ஒட்டுறவு (தரவரிசையை வைத்துக் கணக்கிடும் ஒட்டுறவு) எடுங்கள். பிறகு ஒரு வரைபடம்: கிடை அச்சில் பகுதியின் மதிப்பெண், நெடு அச்சில் அந்த ஒட்டுறவு. மதிப்பெண் குறைவாகவும் ஒட்டுறவு அதிகமாகவும் உள்ள மூலையில் எந்தப் பகுதி விழுகிறதோ அதை முதலில் கவனிக்கலாம். நிர்வாகத்துக்குக் காட்ட இதைவிடப் பயனுள்ள படம் குறைவு.

அடுத்த கட்டம் ரிக்ரஷன். எல்லாப் பகுதிகளையும் ஒரே நேரத்தில் சேர்த்து, மற்றவை சமமாக இருக்கும்போது எதன் பங்கு எவ்வளவு என்று பார்ப்பது. ஒரு மாறிக்குப் பத்துப் பதினைந்து பதில்களாவது இருக்க வேண்டும். வீடியோவும் பதிவிறக்க வேகமும் போல ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு வரும் மாறிகள் இருந்தால், அந்த ஒட்டுதல் எவ்வளவு என்று காட்டும் விஐஎஃப் என்ற எண்ணைப் பாருங்கள். 5-ஐத் தாண்டினால் இரண்டையும் பிரித்துப் பேச முடியாது, சேர்த்தே பேசுங்கள். ஒட்டுமொத்தத் திருப்தி ஒரே ஐந்து படிக் கேள்வி என்றால் வரிசை லாஜிஸ்டிக் ரிக்ரஷன்தான் முறையானது.

எதைச் செய்தாலும் இது ஒரே நேரத்தில் எடுத்த சர்வே. தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கியவருக்குப் போர்ட்டலும் அழகாகத் தெரியலாம். “உதவி மையத்தின் வேகம் திருப்தியை அதிகரிக்கிறது” என்று எழுதாமல் “உதவி வேகமாகக் கிடைத்ததாகச் சொன்னவர்களிடம் திருப்தியும் அதிகம்” என்று எழுதுங்கள்.

படி 9: எழுத்துப் பதில்கள்

“வேறு ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா?” பெட்டியில் வந்தவற்றைக் கடைசியில் அவசரமாகப் புரட்டுவதுதான் வழக்கம். படி 5-இல் பார்த்த அந்த 32 பேரின் கோபத்துக்குக் காரணம் அங்கேதான் எழுதியிருக்கும். முதல் ஐம்பதைப் படித்து ஏழெட்டுத் தலைப்புகளை உருவாக்குங்கள். பிறகு இருவர் தனித்தனியாக எல்லாப் பதில்களுக்கும் தலைப்பு ஒதுக்க வேண்டும். இருவரும் எந்த அளவு ஒத்துப்போகிறார்கள் என்பதைக் கோஹன் கப்பா சொல்லும். 0.6-க்குக் கீழே போனால் தலைப்புகள் தெளிவாக இல்லை, மீண்டும் பேசி வரையறுக்க வேண்டும். மாணவரை அடையாளம் காட்டும் வாக்கியங்களை அப்படியே மேற்கோள் காட்டாதீர்கள்.

படி 10: அறிக்கையும் அடுத்த முறையும்

அறிக்கையின் முதல் பக்கத்தில் எத்தனை பேருக்கு அனுப்பினோம், எத்தனை பேர் பதில் தந்தார்கள், அவர்கள் மற்றவர்களிலிருந்து எப்படி வேறுபடுகிறார்கள் என்பது இருக்க வேண்டும். ஒவ்வொரு சதவீதத்துக்கும் பக்கத்தில் பதில் எண்ணிக்கை. தசமம் ஒன்றுக்கு மேல் வேண்டாம். 300 பேரை வைத்துக்கொண்டு 67.83 என்று எழுதுவது பாவனை. நடுக்கோட்டின் இருபுறமும் திருப்தியும் அதிருப்தியும் நீளும் அடுக்குப் பட்டை வரைபடம் இந்த வகைத் தரவுக்கு மிகப் பொருத்தம். வட்ட வரைபடத்தைத் தவிர்க்கலாம். ஒரு குழுவில் பத்துப் பேருக்கும் குறைவாக இருந்தால் அந்தக் குழுவின் எண்களைத் தனியே வெளியிட வேண்டாம், யார் என்ன சொன்னார்கள் என்று ஊகித்துவிடுவார்கள்.

அடுத்த பருவத்தோடு ஒப்பிடும் எண்ணம் இருந்தால் கேள்விகளின் வார்த்தைகளையும் அளவுகோலையும் வரிசையையும் மாற்றாதீர்கள். அதே மாணவர்களை முன்னும் பின்னும் அளப்பது இரண்டு வெவ்வேறு கூட்டங்களை அளப்பதைவிட மிகக் கூர்மையானது. அப்போது டி சோதனைக்கும் மான்–விட்னிக்கும் பதிலாக இணைச் சோதனைகள்: மதிப்பெண்ணுக்கு வில்காக்சன் குறியிட்ட தரவரிசைச் சோதனை, திருப்தி உண்டு–இல்லை என்பதற்கு மெக்நீமர். பெயர் கேட்காமல் இரண்டு பதில்களையும் இணைக்க, மாணவரே உருவாக்கும் ஒரு குறியீடு போதும். தாயின் பெயரின் முதல் இரண்டு எழுத்து, பிறந்த தேதியின் நாள், மொபைல் எண்ணின் கடைசி இரண்டு இலக்கம் போல, ஆறு மாதம் கழித்தும் மறக்காத விஷயங்களாகப் பார்த்துக் கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் சிலர் வேறு மாதிரி எழுதிவிடுவார்கள்; இணையாமல் போகும் அந்தப் பதில்கள் எத்தனை என்பதையும் அறிக்கையில் சேர்த்துவிடுங்கள்.